மீட்டர் 25 தான் காட்டுது, அப்புறம் எதுக்கு ஆர்ஓ?

மலையகத்தில் உப்புநீர் மீன் தொட்டி வைக்க யோசிக்கிறவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி இது. ஆர்ஓ என்பது தண்ணீரை ஒரு மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி, சுத்தத் தண்ணீரை ஒரு பக்கமும் கழிவை மறுபக்கமும் விடுகிற மெசின். கேள்வி நியாயமானதுதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க வாங்குகிற மீட்டர்) விட்டால் நூற்றுக்கணக்கில் ஏறும். நுவரெலியா, தலவாக்கலை, ஹப்புத்தளைப் பக்கத்து ஊற்றுகளில் விட்டால் இரண்டு இலக்கத்தோடு நின்றுவிடும் இடங்கள் ஏராளம். கடும்பாறையில் ஓடி வருகிற மழைத் தண்ணீரில் கரைவதற்கு அதிகம் இல்லை.

ஆனால் அந்த மீட்டர் அளப்பது ஒன்றே ஒன்றை: தண்ணீருக்குள் மின்சாரம் எவ்வளவு லேசாகப் பாய்கிறது என்பதை. அதை ஒரு எண்ணால் பெருக்கி பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டுகிறது. 25க்குள் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஊற்றுக்கு மேலே உருளைக்கிழங்கும் லீக்ஸும் கோவாவும் போட்டிருந்தால் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் வரும். தேயிலை மலைக்குக் கீழே இருந்தால் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்தையும் யோசிக்க வேண்டும். மீன் நோய்க்கு மருந்தாகச் செம்பு கொடுக்கிற அளவே லீற்றருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரைதான். மீன் அதைத் தாங்கும். இறாலும் நத்தையும் முருகையும் தாங்காது. 25 காட்டுகிற தண்ணீரில் 0.2 செம்பு ஒளிந்திருந்தால் மீட்டர் மூச்சு விடாது.

இதற்கு மேல் ஆவியாதல் வேறு. 25 பாகையில் சூடாக்கி வைத்த தொட்டி, 15 பாகைக் குளிர் அறையில் நிற்கிறது. 200 லீற்றர் தொட்டி நாளுக்கு 3 லீற்றர் இழக்கிறது என்று வையுங்கள்: மாதம் 90 லீற்றர் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்; அது கொண்டுவந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே ஆர்ஓ தேவை, அதற்குப் பின்னால் டிஐ ரெசினும் (ஆர்ஓவைக் கடந்து வருகிற மிச்சத்தைப் பிடித்து வைக்கிற சின்ன மணிகள்) தேவை. ஆனால் கொழும்புக்காரர் எழுதிய பராமரிப்பு முறையை இங்கே அப்படியே பின்பற்றினால் சரிவராது. அங்கே மெசினைக் கெடுப்பது குளோரீன். இங்கே குளிர், சேறு, அழுத்தம், காபனீரொட்சைட்டு.

குளிரும் ஜக்கும்

ஆர்ஓவின் சவ்வான மெம்பிரேனில் எழுதியிருக்கிற "75 கலன்" என்பது 25 பாகைத் தண்ணீரில், 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு நாளைக்கு 284 லீற்றர் என்ற கணக்கு. சில கம்பனிகள் 60 பிஎஸ்ஐயில் கணிக்கின்றன, பெட்டியைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் தடிப்பாக இருப்பதால் ஒவ்வொரு பாகை குறையும்போதும் உற்பத்தி சுமார் 3 வீதம் இறங்கும். 20 பாகையில் 84 வீதம், 16 பாகையில் 73, 12 பாகையில் 63. கண்டியில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். அங்கே அதே மெம்பிரேன் மணித்தியாலத்துக்கு எட்டரை லீற்றர் அளவில்தான் தரும். மெம்பிரேன் பழுது என்று நினைத்துக் கழற்றி எறிகிறவர்களில் பாதிப்பேர் நல்ல மெம்பிரேனைத்தான் எறிகிறார்கள்.

தண்ணீரைச் சூடாக்கி அனுப்பலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு முக்கால் லீற்றருக்கு மேல் உள்ளே போகிறது. அதைப் 10 பாகை சூடாக்க 500 வாட்டுக்கு மேல் வேண்டும். வாளிக்குள் கால் இஞ்சி டியூபைச் சுருட்டி 100 வாட் தொட்டி ஹீட்டரைப் போட்டால் 2 பாகைகூட ஏறாது. வீண் மின்சாரச் செலவு. காலையில் ஓடவிடாமல், வெயிலில் நிற்கிற கறுப்புத் தாங்கியிலிருந்து பின்னேரம் ஓடவிட்டால் சும்மாவே சில பாகை கிடைக்கும். குளிருக்கு ஒரு நன்மையும் உண்டு: உப்பும் மெதுவாகத்தான் கடக்கும், எனவே வடிகிற தண்ணீர் இன்னும் சுத்தமாக இருக்கும். அவசரம் இல்லாதவர் விட்டுவிடலாம்.

குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கழிவுக் குழாயில் இருக்கிற புளோ ரெஸ்ட்ரிக்டர் (கழிவின் ஓட்டத்தை மட்டுப்படுத்துகிற சின்ன அடைப்பு) 25 பாகைக்குப் பொருத்தமாக, நல்லது ஒன்று கழிவு நான்கு என்ற விகிதத்துக்குத் தெரிவு செய்யப்பட்டிருக்கும்: நிமிடத்துக்கு நல்லது 197 மில்லிலீற்றர், கழிவு 790. 16 பாகையில் நல்லது 144க்கு இறங்குகிறது. கழிவு அவ்வளவாகக் குறைவதில்லை. விகிதம் ஒன்றுக்கு ஐந்தரை ஆகிவிடும். அந்தத் தண்ணீர் முழுவதும் மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கிற சேற்று, காபன் பில்டர்களைக் கடந்துதானே போகிறது? அதனால் பில்டர்களும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நான்கு மடங்கு கழிவு என்பதே கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு படியாமல் இருப்பதற்காக வைத்த விதி. 25 பிபிஎம் தண்ணீரில் சுண்ணாம்பு படிய எதுவும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு தாராளமாகப் போதும். கழிவின் டிடிஎஸ் 25லிருந்து 37 அல்லது 38க்கு வரும், அவ்வளவுதான். 300 சிசி (நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர்) என்று குறித்த ரெஸ்ட்ரிக்டர் குடிநீர் ஆர்ஓ பாகங்கள் விற்கிற கடைகளில் கிடைக்கும். குளிர்ப் பகுதியில் 75 கலன் மெம்பிரேனுக்கு அது அளவாகப் பொருந்தும். திருகி அளவு மாற்றுகிற வால்வு போட்டால் முழுதாக மூடவே கூடாது. மூடினால் அழுக்கெல்லாம் மெம்பிரேன் மேலேயே படிந்து, சில நாளில் அது முடிந்துவிடும். கழிவு என்று பெயர்தானே ஒழிய, அது காபன் கடந்து வந்த நல்ல தண்ணீர். கரட் பாத்திக்கோ துணி துவைக்கவோ விடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு ஜக்கும் மணிக்கூடும் எடுத்து நல்லதையும் கழிவையும் தனித்தனியாக ஒரு நிமிடம் பிடித்து அளந்து, தண்ணீரின் வெப்பநிலையோடு சுவரில் எழுதி வையுங்கள். மலையில் மீட்டரைவிட இந்த மூன்று எண்களும் உண்மை பேசும். ஏன் என்றால்: 25 உள்ளே போய், மெம்பிரேன் 98 வீதம் தடுத்தால் வெளியே அரை பிபிஎம். 96 வீதம் என்றால் ஒன்று. முழு எண் காட்டுகிற மீட்டருக்கு இந்த இரண்டும் ஒன்றேதான். 3 காட்டும்போது தடுப்பு ஏற்கனவே 88 வீதத்துக்கு விழுந்திருக்கும். 300 பிபிஎம் தண்ணீர்க்காரருக்கு இதே தேய்வு 36 என்று கண்ணில் குத்தும். நமக்கு 3 என்று பணிவாக நிற்கும். 2 காட்டினால் சந்தேகப்படுங்கள், 3 காட்டினால் மாற்றுங்கள். அளக்கும் கோப்பையை அதே தண்ணீரால் மூன்று தரம் கழுவிய பிறகுதான் இந்த எண்களை நம்பலாம்.

அழுத்தம்: ஒன்றுமில்லை, அல்லது மிச்சம்

பத்து மீற்றர் உயரம் தருவது 14 பிஎஸ்ஐ. கூரைக்கு மேல் 3 மீற்றரில் நிற்கிற தாங்கியிலிருந்து வருவது 4 பிஎஸ்ஐயைக் கொஞ்சம் தாண்டும். அதில் மெம்பிரேன் சொட்டும், அவ்வளவே. குறைந்த அழுத்தத்தில் அளவு மட்டுமல்ல, தரமும் கெடும்: தண்ணீர் கடப்பது குறைகிறது, உப்புக் கடப்பது குறைவதில்லை. தாங்கி வைத்த வீட்டுக்கு 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் கட்டாயம். 50லிருந்து 70 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் உற்பத்தி சுமார் 40 வீதம் கூடும். குளிர் எடுத்துக்கொண்டதை அது திருப்பித் தரும். 80க்கு மேல் போகத் தேவையில்லை.

மறுபக்கம், மலை உச்சி ஊற்றிலிருந்து நேரே பைப் இழுத்த வீடுகள். 60 மீற்றர் இறக்கம் 85 பிஎஸ்ஐ. பகலில் எல்லா வீட்டுக் குழாயும் திறந்திருக்கும்போது 40 காட்டும். இரவில் எல்லோரும் மூடியதும் முழு அழுத்தமும் வந்து நிற்கும். ஹவுசிங் (பில்டர் இருக்கிற கூடு) வெடிப்பதும் டியூப் கழன்று சமையலறை குளமாவதும் அதனால்தான் இரவில் நடக்கிறது. மெசினுக்கு முன்னால் அழுத்தம் குறைக்கிற வால்வு ஒன்று போட்டு 60இல் நிறுத்துங்கள். இரவில் ஓடவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

பூஸ்டர் போட்டவர்கள் ஒரு சொலினோயிட் வால்வும் போட வேண்டும், மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கிற வகை. இல்லாவிட்டால் மின்வெட்டின்போது பம்ப் நிற்கும், தண்ணீர் நிற்காது. தாங்கியிலிருந்து மெல்ல இறங்கி ஒரு பகுதி கழிவாக ஓடும். மிச்சம் தரம் கெட்ட ஆர்ஓ தண்ணீராக ரெசினுக்குள் போகும். பரல் நிறைந்ததும் தானாக நிற்க வைக்கிற வால்வு வேலை செய்ய வேண்டுமானால், மெம்பிரேன் ஹவுசிங்கின் வெளிவாயில் செக் வால்வு (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுவது) நன்றாக இருக்க வேண்டும். பரல் நிறைந்தும் கழிவு ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன செக் வால்வை.

மழைக் காலக் கணக்கு

"செடிமென்ட் பில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும்" என்ற வரி மலைக்கு எழுதப்பட்டதல்ல. ஹட்டன், வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்று, டிசெம்பரிலிருந்து பெப்ரவரி. ஒக்டோபர், நவம்பர் இடிமழை எல்லோருக்கும் பொது. உங்கள் பக்கத்து மழைக்கு முன்னால் ஒரு புது பில்டர், நடுவில் நிறத்தைப் பார்த்து இன்னொன்று, மழை முடிந்ததும் ஒன்று. உள்ளே தெரிகிற ஹவுசிங் வாங்கினால் நிறம் தெரியும், ஆனால் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஒரு துணியைச் சுற்றி விடுங்கள்.

வரிசை: 20 மைக்ரோன், 5 மைக்ரோன், பிறகு காபன் புளொக். முதலிலேயே 1 மைக்ரோன் போட்டால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். மழை பலத்தால் நேரே பைப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பரலில் 24 மணித்தியாலம் வண்டல் படிய விட்டு, அடியிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் குழாய் வைத்து எடுங்கள். படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிற பழக்கம் குடிதண்ணீருக்குச் சரி, மெம்பிரேனுக்கு ஆகாது. தங்கி வருகிற அலுமினியம் மெம்பிரேனில் படிந்தால் கழுவி எடுப்பது கஷ்டம்.

பூஸ்டர் உள்ள மெசினில் பில்டர் அடைத்திருப்பதை அழுத்தமானி உடனே காட்டாது, ஏனென்றால் மானி பம்புக்குப் பின்னால் இருக்கிறது. பம்பின் சத்தம் மாறும், கரகரக்கும். அல்லது விட்டுவிட்டு ஓடும். பம்ப் இல்லாத வீட்டில் லேசு: புது பில்டர் போட்ட அன்று மானி காட்டியதைவிட 10 பிஎஸ்ஐ இறங்கினால் மாற்ற வேண்டும்.

காபன் எதற்கு? தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் தண்ணீரில் குளோரீன் இருக்கும். அது மெம்பிரேனை அரிக்கும், எனவே காபனின் முதல் வேலை அதைத் தடுப்பது. கழிவுத் தண்ணீரை எடுத்துக் குளோரீன் சோதித்தால் காபன் முடிந்ததா என்று தெரியும். ஊற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லை. காபன் அங்கே இலைச்சாயத்தையும் மருந்து எச்சங்களையும் பிடிக்கிறது. ஆனால் கிருமியைத் தடுக்க எதுவும் இல்லாததால் ஹவுசிங்குக்குள் வழுவழுப்பு வளரும். கைவிட்டுப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு முறை பில்டர் மாற்றும்போதும் ஹவுசிங்கை வாசனை இல்லாத பிளீச் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் கலந்த தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, மணம் போகும் வரை கழுவுங்கள். பிளீச் ஒரு துளிகூட மெம்பிரேனுக்குப் போகக் கூடாது. தோட்டத்துத் தாங்கியில் திடீரென்று பிளீச்சிங் பவுடர் போடுகிற நாட்களும் உண்டு. அதனால் ஊற்றுத் தண்ணீர்தானே என்று காபனைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

மாற்றும் முறை: உள்வரும் குழாயை மூடி, நல்ல தண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். இறக்காமல் ஸ்பெனரைப் போட்டால் ஹவுசிங் அசையாது, பலம் போட்டால் அதன் காது உடையும். ஓ-ரிங்கைக் கழற்றி, பள்ளத்தில் மணல் இருந்தால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லப் பூசுங்கள். வஸ்லின் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கையால் இறுக்கி, ஸ்பெனரால் கால் சுற்று. ஒழுகுகிறது என்று மேலும் மேலும் இறுக்குவது எதற்கும் உதவாது. ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் ஓ-ரிங்குக்கு அடியில் கிடக்கிற ஒரு மணல்தான். புதுக் காபன் போட்டதும் மெம்பிரேனுக்குப் போகிற டியூபைக் கழற்றி, கரித்தூள் போய்த் தெளியும் வரை பத்து நிமிடம் வாளிக்குள் விடுங்கள். இதை மறந்தால் அந்தக் கரி முழுவதும் மெம்பிரேனில் போய் நிற்கும்.

மெம்பிரேன் மாற்றும்போது, இரண்டு சின்ன ஓ-ரிங் உள்ள முனை உள்ளே போக வேண்டும். கறுப்பு ரப்பர் விளிம்பு மூடிப் பக்கம். கடைசியில் ஒரு தள்ளு தள்ளினால் உட்காருவது கைக்குத் தெரியும். உட்காராவிட்டால் பக்கவழியாக ஊற்றுத் தண்ணீர் கலந்து, வெளியே வருவதும் உள்ளே போவதும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும். முதல் ஒரு மணித்தியாலத் தண்ணீரை ரெசினுக்கு விடாமல் வெளியே விடுங்கள். மெம்பிரேன் கெடாமல் இருக்கப் போட்ட மருந்து அதில் இருக்கும்.

ரெசின் ஏன் இரண்டு மாதத்தில் முடிகிறது

மலையில் அதிகம் குழப்புவது இதுதான். ஆர்ஓவுக்குப் பின் டிடிஎஸ் 1. ரெசின் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். ஆனால் ரெசின் முடிவதைக் காட்டுகிற நிற மாற்றம் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது.

குற்றவாளி காபனீரொட்சைட்டு. மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற ஊற்றிலும் குழாய்க் கிணற்றிலும் அது நிறையக் கரைந்திருக்கும். வாயு என்பதால் மெம்பிரேன் தடுக்காது. அப்படியே கடந்து ரெசினைத் தின்னும். மீட்டரும் அதைச் சரியாகக் காட்டாது. 10 இஞ்சிக் குழாயில் சுமார் முக்கால் லீற்றர் மிக்ஸ்ட் பெட் (இரண்டு வகை மணிகள் கலந்த) ரெசின் பிடிக்கும். உப்பு மட்டும் 2 பிபிஎம் வந்தால் ஏட்டுக் கணக்கில் பல ஆயிரம் லீற்றர் தாங்கும். லீற்றருக்கு 20 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு வந்தால் ஆயிரம் லீற்றரைத் தொடாது.

சோதிப்பது லேசு. ஒரு கோப்பை ஊற்றுத் தண்ணீரின் பிஎச் எடுங்கள். இன்னொரு கோப்பையில் காற்றுக்கல் போட்டு ஒரு நாள் குமிழி விட்டு மறுபடி எடுங்கள். 6 ஆக இருந்தது 7க்கு ஏறினால் பிரச்சினை காபனீரொட்சைட்டு. மருந்தும் அதுவே: வண்டல் படிய விடுகிற அதே பரலில் ஒரு காற்றுப் பம்பை 24 மணித்தியாலம் ஓட விடுங்கள். ரெசினின் ஆயுள் பல மடங்கு நீளும். கல் மட்டும் அடிவண்டலைக் கிளறாத உயரத்தில் தொங்க வேண்டும்.

ரெசினை அமுக்கி இறுக்கமாக நிரப்புங்கள், தண்ணீர் கீழிருந்து மேலே போகட்டும். தளர்வாக இருந்தால் தண்ணீர் ஒரே ஓட்டையைப் பிடித்துக்கொண்டு போகும். நிறம் ஒரு பக்கம் கோடாக ஏறுவது அதற்கு அடையாளம்.

முடிந்த ரெசினை மீட்டர் 5 காட்டும் வரை ஓட்டுவது மோசமான சிக்கனம். நிறைந்த ரெசின் தான் பிடித்து வைத்ததில் பலவீனமாக ஒட்டியிருப்பதை முதலில் கைவிடும்: சிலிக்காவை, அப்புறம் மற்றவற்றை. மாதக்கணக்கில் சேர்த்தது கொத்தாக வெளியே வரும். சிலிக்கா மின்சாரம் கடத்தாது, அதனால் மீட்டர் பூச்சியம் என்றே சொல்லும். கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்வதுதான் அறிவிப்பு. நம் பாறைகள் சிலிக்காப் பாறைகள், மெதுத் தண்ணீரில் கரைந்திருப்பதில் அதன் பங்கு சிறிதல்ல. எனவே நிறம் முக்கால்வாசி ஏறியதும் மாற்றுங்கள். இரண்டு ரெசின் குழாய்களை வரிசையாக வைத்து, முதலாவது முடிந்ததும் இரண்டாவதை முன்னால் நகர்த்திப் புதியதைப் பின்னால் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

குடிநீர் ஆர்ஓ மெசினை வாங்கி மாற்றிக்கொள்கிறவர்கள் கவனிக்க: கடைசியில் இருக்கிற கனிமம் சேர்க்கிற குழாயையும் வாசனைக் காபனையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரெசினை வையுங்கள். கல்சியம் எடுத்துவிட்டு, திரும்பக் கல்சியம் சேர்த்து, அதை மறுபடி ரெசினால் எடுப்பதில் என்ன பயன்?

மெசின் சும்மா நின்ற பிறகு வருகிற முதல் இரண்டு நிமிடத் தண்ணீர் மோசமாக இருக்கும், ஏனென்றால் நிற்கும்போது உப்பு இரு பக்கமும் சமனாகிவிடும். ரெசினுக்கு முன்னால் ஒரு டி-வால்வு போட்டு அதை வெளியே விடுங்கள். நாளுக்கு 3 லீற்றர் எடுப்பதைவிடக் கிழமைக்கு ஒருமுறை 25 லீற்றர் எடுப்பது ரெசினுக்கு நல்லது. ஊருக்குப் போகிறீர்கள், இரண்டு மூன்று கிழமை ஓடாது என்றால் மெம்பிரேனைக் கழற்றிக் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரோடு பையில் மூடி குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். காயவும் கூடாது, உறையவும் கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி கொட்டுகிற பக்கங்களில் மெசினை வெளிச் சுவரில் மாட்டாதீர்கள்.

சேமிக்கிற பரல் உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்காக, மூடியோடு இருக்க வேண்டும், குழாயும் பிளாஸ்டிக். பித்தளைக் குழாய் ஒன்று போட்டால் இவ்வளவு பாடுபட்டு எடுத்த செம்பு பின்வாசலால் திரும்ப வரும். உப்புக் கலக்கும்போது 20 லீற்றருக்கு 700 முதல் 760 கிராம் வரை, உப்பின் வகையைப் பொறுத்து. இங்கே கலக்கிறவர்கள் 15 பாகையிலேயே ஹைட்ரோமீற்றரை (உப்பின் அளவு பார்க்கிற மிதவை) விட்டு 1.026 வரும் வரை உப்புப் போட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் அடர்த்தி கூடியது, அதனால் மிதவை உயர்ந்து நிற்கும், உப்பு உண்மையில் குறைவாக இருக்கும். பரலில் ஹீட்டர் போட்டு 25 பாகைக்குக் கொண்டுவந்து, சின்னப் பம்ப் ஒன்றால் ஓர் இரவு சுழல விட்ட பிறகு அளந்து பாருங்கள்.